மடத்துக்கு வந்த மைனர்

கடையத்திலிருந்து ஆழ்வார்குறிச்சிக்குப் போகும் வழியில், மலையைப் பார்த்தபடி ஒரு சிறு மடம் இருந்தது. அதன் தலைவர் சிற்றம்பல அடிகளுக்கு இன்னும் நாற்பது வயது நிறையவில்லை. முந்தைய அடிகளைப் பெரியசாமி என்று அழைத்துப் பழகிய ஊர், இவரைச் சின்னச்சாமி என்றே அழைத்தது. மடத்து ஏட்டுச் சுவடிகளைப் படித்துப் படியெடுப்பது அவருடைய வேலை. திங்கட்கிழமைதோறும் மௌனம். மற்ற நாள்களில் கேட்டதற்குப் பதில் சொல்வார்; கேட்காததற்குச் சிரிப்பார்.

அவருடைய மாணவர்களில் மாசிலாமணிதான் மூத்தவர். குருவுக்குத் தகப்பன் வயது. பேருந்துகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் வண்ணப் பிரிவுக்குத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கைபட்டு வெளியேறிய பேருந்தில் ஒரு தூசியையோ ஒரு கோணல் கோட்டையோ கண்டவர் இல்லை. பெயருக்கேற்ற மனிதர் என்று பட்டறையில் மெச்சுவார்கள். அதை அவரும் மறுத்ததில்லை.

கார்த்திகை மாதத்து ஒரு காலையில் மாசிலாமணி மடத்துக்கு டிராக்டரில் வந்து இறங்கினார். பின்னால் இழுவைப் பெட்டியில் ஏதோ ஒன்று கயிற்றால் கட்டப்பட்டிருந்தது.

"இது என்ன ஐயா?" என்று கேட்டார் சின்னச்சாமி.

"மைனர், சாமி."

சின்னச்சாமி அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கூரையில் செடி முளைத்திருந்தது. கதவுகள் கீழ்ப்பாதியில் சல்லடையாகியிருந்தன. கண்ணிழந்த விளக்குக் குழி இரண்டும் வானத்தைப் பார்த்தன.

"மைனரா? பாத்தா, மேஜராகி ரொம்ப நாளாச்சு போலிருக்கே."

"பேரு அப்படி, சாமி. மாரிஸ் மைனர்ம்பாங்க. என் மாமனார் வச்சிருந்த கார்."

மாமனார் பிரமநாயகம் அம்பாசமுத்திரத்தில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் காந்திமதியை மாசிலாமணிக்கும், இளையவள் வடிவை ஆவுடையப்பனுக்கும் கட்டிக்கொடுத்தார். கண்ணை மூடும் தறுவாயில் நகையையும் வீட்டையும் ஒழுங்காகப் பிரித்துச் சொன்னவர், காருக்கு வந்தபோது, "அது மாப்பிள்ளைக்கு" என்றார். அத்தோடு மூச்சு நின்றுவிட்டது. எந்த மாப்பிள்ளைக்கு என்று கேட்க இனி ஆள் இல்லை.

மூத்த மாப்பிள்ளை நான்தானே என்றார் மாசிலாமணி. கடைசிக் காலத்தில் மாமாவைக் காரில் வைத்து ஓட்டியவன் நான்தானே என்றார் ஆவுடையப்பன். காரின் சாவி மாசிலாமணியிடம் இருந்தது. கார் நின்ற கொட்டகையோ ஆவுடையப்பனின் களத்தில் இருந்தது. அதன் பூட்டுச் சாவி அவரிடம். சகலைமார் இருவரும் ஆளுக்கொரு சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பேச்சை நிறுத்தினார்கள். ஆண்டுகள் போயின. போன மாத மழையில் கொட்டகை சரிந்தது. ஆவுடையப்பன் வண்டியைச் சாலையோரத்தில் இழுத்துப் போட்டுவிட்டு ஆள் அனுப்பினார்: "மாப்பிள்ளை வந்து எடுத்துட்டுப் போகட்டும்."

கதை முடிந்ததும் சின்னச்சாமி வெகுநேரம் சிரித்தார். மாசிலாமணி சிரிக்கவில்லை.

"இது ஓடுமா, சாமி?"

"எனக்குச் சைக்கிளே விடத் தெரியாது."

"வண்டியக் கேக்கல. என்னால ஓட வைக்க முடியுமான்னு கேக்கேன்."

"முடியாதுன்னு நெனச்சா டிராக்டர் வச்சு இழுத்துட்டு வந்திருப்பீங்களா?"

மடத்தின் பின்புறத்துத் தகரக் கொட்டகையில் வண்டியை இறக்கினார்கள். டிக்கியைத் திறந்ததும் மாசிலாமணி ஓரடி பின்வாங்கினார். உள்ளே ஒரு கோழி அடையில் இருந்தது. டிராக்டரின் குலுக்கலெல்லாம் அதை அசைக்கவில்லை.

"அவன் வீட்டுக் கோழி, சாமி. இன்னைக்கே திருப்பி அனுப்பிரணும்."

"அடையில இருக்கிறதை எழுப்பலாமா? முன்பக்கத்திலிருந்து வேலையைத் தொடங்குங்களேன்."

அப்படியே முன்பக்கத்திலிருந்து தொடங்கினார்.

துருவைச் சுரண்டச் சுரண்ட வண்டி குறைந்துகொண்டே வந்தது. கால் வைக்கும் தளத்தைத் தட்டிப் பார்த்தால் விரல் மறுபுறம் வெளியே வந்தது. அழுகிய தகட்டை வெட்டியெறிந்து புதுத் தகட்டை ஒட்டினார். டிங்கரிங் முடிந்த இடத்தில் பட்டி பூசினார்; காய்ந்ததும் தேய்த்தார்; விரலால் தடவிப் பார்த்து மறுபடியும் பூசினார். இன்ஜினைப் பிரித்து ஒவ்வொரு உறுப்பையும் மண்ணெண்ணெயில் குளிப்பாட்டிச் சாக்கில் வரிசையாக வைத்தார். மடத்துச் சமையற்காரர் அந்தச் சாக்கைத் தாண்டும்போது தாமாகவே செருப்பைக் கழற்றினார்.

கோழி குஞ்சு பொரித்துக் கொட்டகையெங்கும் குடும்பம் நடத்தத் தொடங்கியது.

பங்குனியில் ஒருநாள் இன்ஜின் இருமியது, புகை கக்கியது, பிறகு சீராக உறுமத் தொடங்கியது. சமையற்காரர் கரண்டியோடு ஓடிவந்தார். சின்னச்சாமி ஏட்டை மூடிவிட்டு வந்து முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

"எங்க போகலாம், ஐயா?"

"இன்னும் முடியல, சாமி."

சின்னச்சாமி இறங்கிக்கொண்டார்.

ஆனி மாதத்தில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைச் சோதித்தார்கள். பிரேக்கை மிதித்துப் பார்த்து, விளக்கைப் போட்டுப் பார்த்து, சாலையில் ஓடத் தகுதியுள்ளது என்று சான்று கொடுத்தார்கள். அந்தச் சான்றை வாங்கவும் மாசிலாமணி வண்டியை டிராக்டரில் ஏற்றியே கொண்டுபோனார். புது டயரில் மண் ஒட்டிவிடுமாம்.

"இப்ப முடிஞ்சதா?" என்று கேட்டார் சின்னச்சாமி.

"கலர் இருக்கே, சாமி. மாமனார் வச்சிருந்தது பாசிப்பயறு நெறம். கடையில கிடைக்கறதெல்லாம் கொஞ்சம் மஞ்சளடிக்கி."

"சரி."

"கதவு சாத்துற சத்தமும் சரியில்ல. மெத்துன்னு சாத்தணும். இப்பம் டப்புங்கு."

"சரி, ஐயா."

ஒரு நாள் மாலை, அதுவரை சொல்லாமல் வைத்திருந்ததை மாசிலாமணி குருவிடம் சொன்னார்.

"இது மொத்தமும் முடியட்டும், சாமி. கல்லிடைக்குறிச்சியில அவன் வாசல்ல கொண்டுபோய் நிறுத்துவேன். மூஞ்சி தெரியணும் அந்தப் பளபளப்புல. கதவத் திறந்து இறங்கி ஒரே ஒரு கேள்விதான் கேப்பேன். இப்பச் சொல்லும்வே, யாரு மாப்பிள்ளைன்னு."

"அதுக்கு அவர் என்ன சொல்லுவார்?"

"என்ன சொல்ல முடியும்? வாயடைச்சு நிப்பான்."

சின்னச்சாமி தலையசைத்தார். அது ஒப்புதலா, வெறும் தலையசைப்பா என்று தெரியவில்லை.

ஆவணி பிறந்தது. ஒருநாள் நண்பகலில் காந்திமதி தூக்குச்சட்டியோடு கொட்டகைக்கு வந்தார். அக்காளும் தங்கையும் பேச்சை நிறுத்தியவர்கள் அல்லர். ஆண்டுக்கொருமுறை பாபநாசம் கோயில் கூட்டத்தில் தற்செயலாகச் சந்தித்துக்கொள்வார்கள். அந்தத் தற்செயலுக்கு முன்கூட்டியே போனில் நேரம் குறித்துக்கொள்வது கணவன்மார் இருவருக்கும் தெரியும்; தெரியாததுபோல் இருந்தார்கள்.

"ஏங்க, வடிவு வீட்டுல அவியளுக்கு மணிவிழா. நட்சத்திரம் பாத்து வச்சிருக்காவ. வார செவ்வா இல்ல, அடுத்த செவ்வா."

மாசிலாமணி கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா வந்து குடத்துத் தண்ணி ஊத்தணும்னு போன்ல அழுதா."

"போவோம்."

காந்திமதி அதை எதிர்பார்க்கவில்லை. தூக்குச்சட்டியைக் கீழே வைத்தார்.

"நெசமாவா?"

"மைனர்ல போவோம். வண்டி முடிஞ்சதும்."

"அடுத்த செவ்வாக்குள்ள முடியுமா?"

"முடிஞ்சா போவோம்."

"முடியலைன்னா பஸ்ஸுல போவோம்லா?"

"பஸ்ஸுல போய் எறங்கவா இவ்வளவும் செஞ்சேன்? முடியலைன்னா போகல. அவ்வளவுதான்."

அந்நேரம் சின்னச்சாமி அவ்வழியே வந்தார். காந்திமதி அவரிடம் திரும்பினார்.

"சாமி, எனக்குக் கல்யாணப் பட்டு எடுக்க இவிய ஒரு காப்பி குடிக்கிற நேரங்கூட எடுத்துக்கல. இந்த வண்டிக்குக் கலர் பாக்க ரெண்டு மாசமாகுது." ஒரு கோழி குஞ்சுகளோடு அவர் காலடியில் கடந்து போனது. "தங்கச்சி வீட்டுக் கோழி இங்க வந்து பேரன் பேத்தி எடுத்தாச்சு. நான் மட்டும் அந்த வீட்டு வாசல மிதிக்கக் கூடாதாக்கும்."

சின்னச்சாமி சிரித்தார். மாசிலாமணி உப்புத்தாளை மாற்றிக்கொண்டார். காந்திமதி தூக்குச்சட்டியை எடுக்க மறந்து போய்விட்டார்.

அதன்பின் மாசிலாமணி உண்மையாகவே உழைத்தார். மணிவிழாவுக்கு முந்தைய சனிக்கிழமை கடைசிப் பூச்சு முடிந்தது. பாசிப்பயறு நிறம் அசலாக வந்திருந்தது. கதவு மெத்தென்று சாத்தியது. ஞாயிற்றுக்கிழமை தேடிப் பார்த்தார், ஒரு குறையும் அகப்படவில்லை. இரவு தூக்கம் பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் மறுபடியும் தேடினார். கதவின் கீழ்விளிம்பில், குனிந்து படுத்தால் மட்டும் தெரியும் இடத்தில், ஒரு சிறு மேடு கிடைத்தது. நிம்மதியாக அதைத் தேய்க்கத் தொடங்கினார். பட்டித் தூள் எழுந்து பறந்து, மாவு தூவியதுபோல் வண்டி முழுவதும் படிந்தது.

மௌன நாள் ஆகையால் சின்னச்சாமி பேசாமல் வந்து நின்றார்.

"நாளைக்குப் பயணம், சாமி. ஆனா மனசு சமாதானமாகல. நீங்களே பாருங்க. இன்னும் என்ன குறை?"

சின்னச்சாமி வண்டியைப் பார்த்தார், மாசிலாமணியைப் பார்த்தார். பிறகு விரலை நீட்டி, பானெட்டின் மேல் படிந்திருந்த தூளில் ஒரே ஒரு சொல்லை எழுதிவிட்டுப் போய்விட்டார்.

மாசிலாமணி எட்டிப் பார்த்தார். எழுத்துக்கு மேல் புள்ளி இல்லை. அதை மனத்துக்குள் தாமே வைத்துப் படித்தார்.

ஒட்டு.

அவருக்கு மெய்சிலிர்த்தது. அந்தச் சொல் எழுதப்பட்ட இடத்துக்கு நேர் கீழேதான், துருப்பிடித்த பானெட்டை வெட்டி, அப்பளம் அளவுக்கு ஒரு தகட்டை அவர் ஒட்டியிருந்தார். அதன் மேல் எத்தனையோ பூச்சுப் பூசி மறைத்தாயிற்று. அவரைத் தவிர உலகில் ஒருவருக்கும் அது தெரியாது. சாமியின் கண்ணுக்குத் தெரிந்துவிட்டதே. சைக்கிள் விடத் தெரியாதவராம்.

உடனே அந்த ஒட்டைப் பறித்தெடுத்தார். ஓரத்தை நறுக்கி, புதுத் தகடு வைத்துப் பற்றவைத்து, அரத்தால் ராவி, சிவப்பு பிரைமரைத் தாராளமாக அடித்தார். விளக்கு வைக்கும் நேரத்தில் நிமிர்ந்து பார்த்தபோது, பாசிப்பயறு நிறத்துப் பானெட்டின் நடுவில் ஒரு தாம்பாளம் அளவுக்குச் சிவப்பாக இருந்தது. அது காய வேண்டும், பட்டி பார்க்க வேண்டும், தேய்க்க வேண்டும், அதன்பிறகுதான் வண்ணம். நாளைக்கு நடக்கிற காரியமில்லை.

குருவின் சொல்லை மீற முடியுமா என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். அப்படிச் சொன்னபோது நெஞ்சிலிருந்து ஏதோ ஒரு பாரம் இறங்கியது. அது என்ன என்று அவர் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் சின்னச்சாமி குளித்து, நீறு பூசி, வெளுத்த காவித்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். வந்தவர் நேரே முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

"கிளம்பலையா, ஐயா?"

"எங்க, சாமி?"

"கல்லிடைக்குறிச்சிக்கு. வடிவம்மா என்னையும் அழைச்சிருக்காங்க."

"நீங்கதான ஒட்டுன்னு எழுதுனிய?"

"ஒட்டுன்னா எழுதினேன்?"

"ஆமா. பானெட்டுல. நல்லாப் படிச்சேன்."

சின்னச்சாமி முதலில் சத்தமில்லாமல் குலுங்கினார். பிறகு சத்தமாகவே சிரித்தார்.

"ஐயா, நான் ஓட்டுன்னு எழுதினேன். என்ன குறைன்னு கேட்டீங்க. ஓட்டலையே, அதுதான் குறை."

மாசிலாமணிக்குக் காது சூடாயிற்று.

"சுழி எங்க, சாமி? ஓவன்னாவுக்குக் கீழ சுழி வேணும்லா? நீங்க போட்டது ஒவன்னா."

"ஏட்டில சுழியும் கிடையாது, புள்ளியும் கிடையாது. குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே வடிவம்தான். சின்ன வயசிலிருந்து அதையே எழுதின கை."

"அப்பம் எது குறில், எது நெடில்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"முன்னாடி பின்னாடி என்ன இருக்குன்னு பாத்துப் படிக்கணும். நீங்களும் அப்படித்தான் படிச்சிருக்கீங்க. இத்தனை மாசமா ஒட்டிக்கிட்டே இருந்தவர் வேற எப்படிப் படிப்பார்?"

"ஒரு சுழி, சாமி. ஒத்தச் சுழி போட்டிருந்தா இந்நேரம்..."

"போட்டிருந்தா கிளம்பியிருப்பீங்களா?"

மாசிலாமணி பானெட்டின் சிவப்பைப் பார்த்தபடி நின்றார்.

வாசலில் ஆட்டோ வந்து நிற்கும் ஓசை கேட்டது. காந்திமதி அரக்குப் பட்டுடுத்தி, ஒரு கையில் சீர்த்தட்டும் மறுகையில் முந்திரிக்கொத்து டப்பாவுமாகக் கொட்டகைக்குள் வந்தார். பானெட்டைப் பார்த்தார். பின்கதவைத் திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்து, கதவை இழுத்தார். அது மெத்தென்று சாத்தியது.

"கதவு நல்லாத்தான சாத்துது."

"எறங்கு, காந்திமதி. இந்தக் கோலத்துல எப்படி எடுத்துட்டுப் போவேன்? கிழிஞ்ச வேட்டியோட விருந்துக்குப் போன மாதிரி இருக்கும்."

"நான் எறங்கல. வண்டி போனா போறேன். போகலைன்னா இதுக்குள்ளயே உக்காந்திருக்கேன்."

"பொழுதுக்கும் உக்காந்திருப்பியா?"

"பலகாரம் இருக்கு."

அவர் டப்பாவைத் திறந்து முன்னால் நீட்டினார். சின்னச்சாமி ஒரு முந்திரிக்கொத்தை எடுத்துக்கொண்டார். இருவரும் மாசிலாமணியைக் கண்டுகொள்ளாமல் மென்றார்கள். கொட்டகையில் அந்த ஓசை மட்டும் கேட்டது.

மாசிலாமணி சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு, அந்த மடத்தில் உட்காருவதற்கு வேறு இடமே இல்லாததுபோல, ஓட்டுநர் இருக்கையில் வந்து உட்கார்ந்தார். கை தானாக இன்ஜினை உசுப்பியது.

சாலைக்கு வந்ததும் அவர் மிக மெதுவாக ஓட்டினார். ஒரு மாட்டுவண்டி அவர்களை முந்திச் சென்றது. மொபெட்டில் வந்த ஒருவர் உடன் உருண்டபடியே குனிந்து பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, மைனர் நெத்தியில பொட்டெல்லாம் பெருசா இருக்கு?"

மாசிலாமணி கண்ணை எடுக்காமல் சாலையைப் பார்த்தார். காந்திமதி தலையை வெளியே நீட்டினார்.

"விசேஷ வீட்டுக்குப் போறாருல்லா. பொட்டு வைக்காமப் போவாரா?"

ஆழ்வார்குறிச்சி மேட்டில் வண்டி மூச்சுத் திணறி நின்றுவிட்டது. மாசிலாமணி பானெட்டைத் திறந்து பெட்ரோல் குழாயை ஊதிப் பார்த்தார். தள்ளினால் கிளம்பும் என்றார். சின்னச்சாமி வேட்டியை வரிந்துகட்டிக்கொண்டு பின்னால் போய்த் தோளைக் கொடுத்தார். காந்திமதி பட்டுச் சேலையோடு அவருக்குப் பக்கத்தில் நின்று தள்ளினார். குழாயடியில் நின்றிருந்த பெண்கள் அதைக் கண்டார்கள்.

"ஏட்டி, சாமி தள்ளுதாவ பாரு."

குடங்களைப் போட்டுவிட்டு அவர்களும் ஓடிவந்தார்கள். அத்தனை கைகளுக்கு வண்டி தாங்குமா? ஒரே உந்தலில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. பின்னால் சிரிப்பொலி கேட்டது. மாசிலாமணியும் தம்மையறியாமல் சிரித்துவிட்டார்; உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டார்.

அம்பாசமுத்திரத்தைத் தாண்டும்போது வெயில் ஏறிவிட்டது.

"இந்நேரம் குடத்தத் தூக்கிருப்பாவ" என்றார் காந்திமதி. குறைசொல்லும் குரலில் இல்லை, வெறுமனே சொன்னார். "வடிவு வாசலையே பாத்துட்டிருப்பா."

தாமிரபரணிப் பாலம் வந்தது. கீழே மணல்திட்டும் படித்துறையும் தெரிந்தன. அந்த மணலில்தான் பிரமநாயகம் தம் புது மாப்பிள்ளைகள் இருவருக்கும் இதே காரில் ஓட்டப் பழக்கினார். பிரேக்கென்று எண்ணி ஆவுடையப்பன் வேறொன்றை மிதித்ததில் வண்டி ஆற்றுக்குள் இறங்கிவிட்டது. முழங்கால் தண்ணீரில் நின்று இருவரும் அதைத் தள்ளினார்கள். மாமனார் கரையிலிருந்து குடையை ஆட்டித் திட்டிக்கொண்டிருந்தார். ஆவுடையப்பன் தண்ணீருக்குள் தலையை முக்கியெடுத்து, "திட்டு கேக்காது, அண்ணாச்சி, நீங்களும் முங்குங்க" என்றார். மாசிலாமணியும் முங்கினார்.

பல ஆண்டுகளாக அது நினைவுக்கு வந்ததே இல்லை.

அவருடைய கால் ஆக்சிலரேட்டரை அழுத்தியது. மைனர் ஒருமுறை திமிறிவிட்டுப் பாய்ந்தது. ஒரு சிற்றுந்தை முந்தினார். ஒரு லாரியை முந்தினார். காற்று ஜன்னல்களின் வழியே இரைந்து புகுந்தது. பாலம் முடிந்தது தெரியவில்லை. தெரு திரும்பியது தெரியவில்லை. பந்தலின் வாழைமரங்களுக்கு ஒரு முழம் முன்னால் பிரேக்கை மிதித்து நிறுத்தினார்.

அவர் இறங்குவதற்குள் காந்திமதி இறங்கி உள்ளே ஓடிவிட்டார்.

இன்ஜின் ஓசை கேட்டே ஆவுடையப்பன் வாசலுக்கு வந்திருந்தார். இடுப்பில் புதுவேட்டி, கழுத்தில் மாலை. நாதஸ்வரக்காரர் ஊதுவதை நிறுத்தினார். பந்தலில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். சகலைமாருக்கிடையில் என்ன நடக்கப்போகிறது என்று பார்க்க எல்லாருக்கும் ஆசை.

மாசிலாமணி வாயைத் திறந்தார். எத்தனையோ மாதங்களாக ஒத்திகை பார்த்த கேள்வி அது. ஆனால் வந்தது வேறு.

"முடிஞ்சிருச்சா? தண்ணி ஊத்தியாச்சா?"

"இல்ல" என்றார் ஆவுடையப்பன். "இனிமேத்தான்."

அவர் வண்டியை மெல்லச் சுற்றி வந்தார். கதவைத் தடவினார். விளக்கைக் குனிந்து பார்த்தார். பானெட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டார். அந்தச் சிவப்பில் விரலை வைத்து எடுத்தார். விரல் நுனியில் அது ஒட்டியிருந்தது.

"காயவே இல்ல."

மாசிலாமணி தலைகுனிந்தார்.

"உங்க கையில ஒரு வண்டி முடியாம வெளிய வந்து நான் பாத்ததே இல்லையே, அண்ணாச்சி." ஆவுடையப்பன் சிவந்த விரலைத் தூக்கிக் காட்டினார். "எனக்காகவா? பெயிண்டு காயற வரைக்கும்கூடப் பொறுக்கலையா?"

மாசிலாமணியால் ஆம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

ஆவுடையப்பன் கண்ணை ஒரு கையால் துடைத்துக்கொண்டார். மறுகையின் சிவப்பை, வேறொன்றும் தோன்றாமல், புதுவேட்டியில் துடைத்தார்.

"ஐயோ, வேட்டி" என்று உள்ளிருந்து வடிவின் குரல் கேட்டது. பந்தல் முழுவதும் சிரித்தது. நாதஸ்வரம் மறுபடியும் எழுந்தது. ஆவுடையப்பன் தட்டிலிருந்த ஒரு புதுத்துண்டை எடுத்து, பின்னால் நின்ற சின்னச்சாமியின் வெறுந்தோளில் போர்த்தி, "வாங்க சாமி" என்று உள்ளே அழைத்துப் போனார். மாசிலாமணியின் கையை அதற்குமுன்பே பிடித்திருந்தார், விடவில்லை.

அக்காள் ஊற்றிய குடத்துத் தண்ணீரில் தங்கையும் அவள் கணவரும் நனைந்தார்கள். அதன்பின் அறுபது வயது மாப்பிள்ளையும் பெண்ணும் கோயிலுக்கு மைனரில்தான் போக வேண்டும் என்று ஆவுடையப்பன் அடம்பிடித்தார். மாசிலாமணி ஓட்டினார். போகும் வழியெல்லாம் ஆவுடையப்பன், "பாத்து, ஆத்துக்குள்ள விட்டுறாதிய" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

காந்திமதி தங்கை வீட்டிலேயே நான்கு நாள் தங்கிவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டார். மாலையில் குருவும் மாணவரும் மட்டும் திரும்பினார்கள். பாலத்தின் மேல் வந்ததும் மாசிலாமணி வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார்.

"சாமி, மனசுக்கு ஒப்பல."

"என்ன ஐயா?"

"நான் அவசரமா ஓடிவந்ததா அவன் நெனச்சுக்கிட்டான். அது பொய்யில்லையா? அந்தச் சிவப்பு நான் தப்பாப் படிச்சு வந்தது. இன்னும் சொல்லப்போனா, போகாம இருக்கத்தான் அந்த ஒட்டையே பறிச்சேன். அவனோ பொறுக்கமாட்டாம ஓடிவந்தேன்னு கண்ணத் துடைக்கான். நானும் வாய மூடிட்டு நின்னுட்டேன். நாளைக்குப் போய் உள்ளதச் சொல்லிரட்டுமா?"

சின்னச்சாமி கீழே ஓடும் ஆற்றை எட்டிப் பார்த்தார். தோளில் கிடந்த புதுத்துண்டின் மடிப்பை நீவிவிட்டார்.

"காலையில இந்தப் பாலத்தில என் காவித்துண்டு ஜன்னல் வழியா பறந்து போச்சு, ஐயா. நிறுத்துங்க, நிறுத்துங்கன்னு கத்தினேன். உங்க காதில விழவே இல்லை."